வரிசையில் யாரும் பேசாத ஒரு நாவல்

அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரிசை வரும். விடிவதற்கு முன்பே ஊர்ச்சனம் முழுக்க ஓர் இரும்புக் கதவின் முன்னால் நிற்கும். கதவை நெருங்கியதும் ஒவ்வொருவரும் கட்டைவிரலை ஒரு கண்ணாடியில் வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் இரண்டு பேர் வந்து அழைத்துப் போவார்கள். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வரிசையில் யாரும் யாரோடும் பேசுவதும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டு நின்றபோது, கறிபாப் பலகாரம் விற்கிற பெண் என் முதுகில் விரலால் குத்தினாள்.

"அக்கா, கறிபாப் வேணுமா? சூடா இருக்கு. உருளைக்கெழங்கு முடிஞ்சிருச்சி, சார்டின்தான் மிச்சம்."

நான் நின்றிருந்ததும் ஒரு வரிசையில்தான். ஜோகூர் பாரு குடிநுழைவு நிலையத்தின் படிக்கட்டு வரைக்கும் நீண்டிருந்த வரிசை. வெளியே இன்னும் இருட்டு. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. நானும் கட்டைவிரலை வைப்பதற்குத்தான் காத்திருந்தேன்.

"சார்டின் வேணாம்டி, நெஞ்செரிச்சல் வரும்," என்றேன். எனக்குப் பின்னால் நின்ற சீனப் பெரியவர் தலையை நீட்டி, "சார்டினா? எனக்குக் குடு லா," என்று மலாயில் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கடித்த வேகத்தில் ஒரு துணுக்கு என் புத்தகத்தின் மேல் விழுந்தது. யாருமே பேசாத அந்தப் பயங்கரமான வரிசையின் நட்டநடுவில் ஓர் எண்ணெய்ப் பொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. காவலுக்கு நின்ற அதிகாரி, "அக்கா, காலங்காத்தாலயே நல்ல குஷியா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கும் அந்த நாவலுக்கும் ஆகாமல் போனது அந்தச் சிரிப்பில்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணத்தன்று வெள்ளம் வந்த கதையைப் படித்துவிட்டு, "அடுத்த வாரமாவது யாரோடும் சண்டை போடாமல் எழுதுங்கள்" என்று ஒரு வாசகி சொல்லியனுப்பினார். மன்னிக்க வேண்டும் அம்மா. இந்த வாரம் உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடும் ஒரு நாவலோடு சண்டை. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதைப் பிடித்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தி என் வயிற்றில் பிறந்தவள்.

புத்தகம் வந்த வழி

என் மகள் தர்ஷினி கோலாலம்பூர் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒரே பிள்ளை. சின்ன வயதில் வாய் ஓயாது. பல் துலக்கும்போதுகூட நுரையோடு வந்து கதை சொல்லுவாள். பதினான்கு, பதினைந்து வயதில் எப்போதோ அந்தப் பேச்சு நின்றுபோனது.

சண்டை என்று ஒன்றும் இல்லை. போனில் கூப்பிட்டால் எடுப்பாள். "ம்", "சாப்ட்டேன்", "சரிமா", அவ்வளவுதான். அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசுவாள். வயதுக் கோளாறு என்று தோழிகள் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் வயது ஏறிக்கொண்டே போனதே தவிர, கோளாறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மேசையில் ஒரு கனத்த புத்தகத்தை வைத்தாள். எங்கோ ஒரு குளிர் நாட்டு எழுத்தாளர் எழுதியது. அவள் ஆங்கிலத்தில் படித்திருக்கிறாள். தமிழில் வந்திருப்பது தெரிந்து எனக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

"இதப் படிங்கமா. நான் படிச்சதுலயே இதுதான் பெஸ்ட். படிச்சிட்டு என்கிட்ட பேசுங்க."

பேசுங்க என்று அவளே வாய் திறந்து சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தொலைபேசி எண்கள் அடங்கிய புத்தகத்தைக் கொடுத்திருந்தால்கூட முதல் பக்கத்திலிருந்து படித்திருப்பேன்.

பின்னட்டை முழுக்கப் பாராட்டு. எத்தனையோ பரிசு, எத்தனையோ மொழி, எத்தனையோ பேருடைய தூக்கத்தைக் கெடுத்த கதையாம். நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவளுக்கு இருக்கிற தூக்கமே கொஞ்சம். ஆனாலும் இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பிடிக்காமல் போனால் என்ன பேசுவது? இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளை திறந்த கதவை, "சுமார்தான்" என்று சொல்லி நானே சாத்துவதா?

எங்கள் பஸ்ஸில் படிக்கிற முறை

நாங்கள் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் கதைப் புத்தகம் படிக்கிற பெண்கள் நாலு பேர். அதற்குத் தலைவி மாதிரி என் தோழி மல்லிகா. தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவு, அவள் பொட்டலம் கட்டும் பிரிவு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவர்கள் பதறுவார்கள். கனத்த புத்தகம் வந்தால் அதை நாலு துண்டாக வெட்டிவிடுவோம். அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியால் முதுகில் ஒரே இழுப்பு, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் பழுப்பு நிற டேப் போட்டு ஒட்டு. ஆளுக்கு ஒரு துண்டு. முடித்ததும் மாற்றிக்கொள்வோம்.

இதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைக்குள் கொண்டுபோக விடுவது, உள்ளே இருப்பது தெரிகிற சின்ன பிளாஸ்டிக் பையை மட்டும். சோற்று டப்பாவை வைத்தால் பெரிய புத்தகத்துக்கு இடம் கிடையாது. வரிசையில் நிற்கும்போது ஒரு கையில் பாஸ்போர்ட், மறு கையில் புத்தகம். செங்கல் மாதிரிப் புத்தகத்தை ஒரு கையால் எவ்வளவு நேரம் பிடிப்பது? அதைவிட முக்கியம், ஒருத்தி முடிக்கிறவரை மற்ற மூன்று பேரும் அவள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஒரே ஒரு தொல்லை. கதை வரிசையாக வராது. கொலைகாரனைப் பிடித்து ஜெயிலில் போட்ட பிறகு எங்களுக்குக் கொலை நடக்கும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் அப்புறம்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வார்கள். பழகிவிட்டது.

மெல்லிசான, சாதாரணப் புத்தகங்களை நாங்கள் கத்தியால் தொட மாட்டோம். வெட்டினால் அது பெரிய எழுத்து என்று அர்த்தம். எங்கள் அகராதியில் அது மரியாதை.

மகள் வாங்கிக்கொடுத்த பெருமையில் நான் அந்த நாவலை மல்லிகாவிடம் காட்டினேன். "ஒரு நாள் குடு, பாத்துட்டுத் தரேன்," என்று வாங்கிப் போனாள். மறுநாள் காலை பஸ் ஏறியதும் முதல் துண்டை என் மடியில் வைத்தாள். கடைசித் துண்டு அவளுக்கு, மற்ற இரண்டும் ஏற்கெனவே பின் இருக்கைகளுக்குப் போய்விட்டன.

"ஏண்டி, என் மகள் குடுத்ததுடி!"

"அலமாக்! வெட்டக்கூடாத புக்கா? சொல்லியிருக்கலாம்ல? காட்டினதும் நான் வெட்டத்தான்னு நெனச்சேன்."

எங்கள் பஸ்ஸில் வேறெப்படி நினைப்பார்கள்?

முதல் துண்டு படித்தேன், இரண்டாவது படித்தேன், மூன்றாவதில் பாதி போனேன். எழுதத் தெரிந்த மனிதர், அதை மறுக்க முடியாது. இரும்புக் கதவின் துருவாடை கையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தார். ஆனால் மனசு ஒட்டவில்லை. கதாநாயகனுக்குப் பெயரே இல்லை. அந்த ஊரில் யாருக்கும் வாயு பிடிக்கவில்லை, யாரும் மாமியாரைத் திட்டவில்லை, யாரும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றைப் பங்கு போடவில்லை. ஆயிரம் பேர் நிற்கிற வரிசையில் ஒருத்தர்கூடவா "என் எடத்தக் கொஞ்சம் பாத்துக்குங்க, டாய்லெட் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்ல மாட்டார்?

இரண்டாவது துண்டில் ஒரு சின்னப்பிள்ளை வரும். தினமும் சாயங்காலம் கதவுக்கு வெளியே வந்து நிற்கும். யாருக்காகவோ காத்திருந்துவிட்டு இருட்டியதும் திரும்பிப் போகும். நாலைந்து பக்கம்தான். "ஏன், அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திகூட இல்லையா, பிள்ளையைக் கூப்பிட்டுச் சோறு போட?" என்று எரிச்சலோடு புரட்டிவிட்டேன்.

பஸ்ஸில் மூன்றாவது துண்டை முதலில் படித்தவள் சொன்னது இன்னும் மோசம். "எந்த எடத்துல ஆரம்பிச்சாலும் ஒண்ணும் வித்தியாசம் இல்லக்கா. அதே கதவுதான்."

பெரட்டுக் களம்

எனக்கு வரிசை புதிதல்ல. நான் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. பால்மரம் வெட்டப் போகும் முன் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வந்தவர்கள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் அம்மா என்னையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நிற்பார். கொசுவர்த்திப் புகை, தலைவிளக்கு வெளிச்சம், ஈரச் செருப்பு. அம்மாவின் தோழி ஒருத்தி எப்போதும் தாமதம். ஒரு நாள் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா அவளுடைய கரகரத்த குரலிலேயே "இருக்கேங்கய்யா" என்றார். பெண்கள் வரிசை முழுக்க ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு உதட்டைக் கடித்தது. அம்மாவின் வயிறு குலுங்கியது இடுப்பில் இருந்த எனக்குத் தெரிந்தது. கிராணி நிமிர்ந்து பார்த்தார், பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

தோட்டம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அப்படி எழுதுகிறவர்களோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. அம்மாவின் முதுகு நாற்பது வயதிலேயே வளைந்துவிட்டது. அட்டை கடித்த தழும்பு சாகும்வரை காலில் இருந்தது. ஆனால் அந்த முதுகோடும் அந்தக் காலோடும் அவர் வரிசையில் நின்று சிரித்தார். அவருடைய மகளிடம் வந்து, மனிதர்கள் வரிசையில் வாயே திறக்க மாட்டார்கள் என்றால் நான் எப்படி நம்புவேன்?

துண்டுகள் வெளிப்பட்ட சனிக்கிழமை

தர்ஷினி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலை வந்து இறங்கினாள். தோசைக்கு உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"முடிச்சிட்டீங்களாமா?"

"முக்காவாசி ஆச்சு."

"எந்த எடத்துல இருக்கீங்க? கொண்டாங்க, பாக்கறேன்."

தப்பிக்க வழியில்லை. உள்ளே போய் மூன்றாவது துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். பழுப்பு டேப், ஓரங்களில் எண்ணெய் விரல் தடம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூடத்தில் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார். அவருக்கு எது சண்டைக்கு முந்தைய அமைதி என்று நன்றாகத் தெரியும்.

"மிச்சம் எங்க?"

"மொத ரெண்டும் பஸ்ல இருக்கறவங்ககிட்ட. கடைசி மல்லிகாகிட்ட. அவ அம்மா வீட்டுக்குப் பொந்தியான் போயிருக்கா."

"நான் உங்களுக்குன்னு வாங்கினதுமா."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். பஸ், பிளாஸ்டிக் பை, ஒற்றைக் கை என்று விளக்க ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அது மேலும் கேவலமாகத்தான் கேட்டது. வெட்டுவது மரியாதைக்காக என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் இருமினார்.

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"கார் சாவி எங்கமா?"

"எதுக்கு?"

"பொந்தியான் போலாம். முடிவப் படிக்காம நீங்க எப்படி என்கிட்ட பேசுவீங்க?"

வழி நெடுக அவளே ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், அப்புறம் அன்னாசிக் கடைகள், மறுபடியும் செம்பனை. நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "ரொம்ப ஆழமா இருக்குமா." "மனசப் பிசையுது." "மொழிபெயர்ப்பு அருமை." ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே வாசகர் வட்டத்துக் கூட்டத்தில் கேட்ட குரல்களாகவே வந்தன.

கணவாய் வெட்டிக்கொண்டே கேட்ட கதை

மல்லிகா சமையலறைத் தொட்டியருகே கணவாய் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கை முழுக்கக் கறுப்பு மை.

"வாம்மா தர்ஷினி! புக்குக்கா இவ்ளோ தூரம்? தோ, மேல அலமாரில இருக்கு. நான் முடிச்சிட்டேன். ஆனா எனக்கு ஆரம்பம் தெரியாது. எதுக்கு இவனுங்க எல்லாம் அந்தக் கதவுல போயி நிக்கிறானுங்க? நீயே சொல்லேன்."

"ஆன்ட்டி, கடைசிய மட்டுமா படிச்சீங்க?"

"எனக்கு வந்தது அதுதானே லா."

தர்ஷினிக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் முடிவு மட்டும் தெரிந்தவளிடம் ஆரம்பத்தைச் சொல்கிற ஆசை யாரைத்தான் விடும்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒப்புக்குத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கைகள் இரண்டும் எழுந்துவிட்டன. கதவு எவ்வளவு உயரம் என்று காட்டினாள். சிவப்பு விளக்கு எரிகிறபோது வரிசை எப்படித் தலை குனிகிறது என்று செய்துகாட்டினாள். நுரையும் பிரஷ்ஷுமாக வந்து கதை சொன்ன அதே பிள்ளை.

நான் கதவோரமாக நின்று கேட்டேன். முக்கால்வாசி படித்த நாவலை முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி இருந்தது. நேர்மையாகச் சொல்வதென்றால், எழுதியவரைவிட என் மகள் நன்றாகச் சொன்னாள்.

அந்தச் சின்னப்பிள்ளை வந்து நிற்கிற இடத்தில் அவள் கைகள் மடிக்கு இறங்கிவிட்டன. குரலும் இறங்கியது. "தெனமும் வரும் ஆன்ட்டி. நிக்கும். போயிரும்," என்றாள். மல்லிகாவின் கத்தி நின்றது.

"அட பாவமே. யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிது?"

"அதச் சொல்ல மாட்டாங்க."

"என்ன ரைட்டர் லா இவன்!" என்று மல்லிகா கோபமாகக் கணவாயை நறுக்கினாள். அதைப் பொரித்து எங்களுக்குச் சோறும் போட்டுத்தான் அனுப்பினாள். தர்ஷினி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்னாசிக் கடை ஓரத்தில்

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். கடைசித் துண்டு என் மடியில் இருந்தது. ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

"முடிவு வீட்டுக்குப் போயிப் படிங்க. இதுவரைக்கும் புடிச்சிருக்கா?"

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அவள் சாலையைப் பார்த்தபடி, காது மட்டும் என் பக்கமாகக் காத்திருந்தாள். பொய் சொன்னால் அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும்.

"இல்லமா. புடிக்கல."

நான் அவசர அவசரமாகக் காரணம் சொன்னேன். நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா அந்த வரிசைய என்னால நம்ப முடியலமா, நான் நிக்காத வரிசையா? கறிபாப் கதையைச் சொன்னேன். சீனப் பெரியவரைச் சொன்னேன். பெரட்டுக் களத்தில் அவள் பாட்டி போட்ட மிமிக்ரியைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிக்னல் போட்டு ஓர் அன்னாசிக் கடை ஓரமாகக் காரை நிறுத்தினாள்.

"நீங்க வரிசைக்கு உள்ள நின்னீங்கமா. நான் கதவுக்கு வெளிய நின்னேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"பார்டர் மூடியிருந்தப்போ," என்றாள்.

வாசகர்களில் பலருக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். நோய் பரவி எல்லையை மூடியபோது, வேலை போய்விடக் கூடாதென்று சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட பல்லாயிரம் பேரில் நானும் மல்லிகாவும் உண்டு. கொஞ்ச வாரம்தான் என்று ஒரு பையோடு போனோம். அது வருஷத்தைத் தாண்டிவிட்டது. தங்கியிருந்த அறையின் மாடியில் ஏறினால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஜோகூர் தெரியும். பார்த்துவிட்டு இறங்கி வருவோம். வீட்டில் இவளும் அப்பாவும் தனி.

"தெனமும் வீடியோ கால்ல சிரிச்சீங்க. மல்லிகா ஆன்ட்டி சோத்தக் கருக்கினது, சூப்பர்வைசர் மாஸ்க்குக்குள்ளயே தும்மினது. நானும் சிரிப்பேன். அப்புறம் அப்பாகூட பைக்ல ஸ்டுலாங் கடலோரம் போயி அந்தப் பக்கத்தயே பாத்துட்டு நிப்பேன். அம்மா ஒரு தடவயாவது கஷ்டமா இருக்குன்னு சொல்லமாட்டாங்களான்னு இருக்கும். நீங்க சொன்னா நானும் சொல்லலாம்ல? நீங்க ஜோக் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. எனக்கு எப்படி அழறதுன்னு தெரியல."

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த புக்ல யாருமே ஜோக் சொல்லலமா. அதான் எனக்குப் புடிச்சிச்சு."

பிள்ளையின் மனசு கனக்கக் கூடாது என்றுதான் தினமும் வேலை முடிந்து வரும் வழியெல்லாம் ஒரு தமாஷைத் தேடிக்கொண்டு வருவேன். கிடைக்காத நாளில் கற்பனை செய்துகூட சொல்லியிருக்கிறேன். மல்லிகா அத்தனை தடவை சோற்றைக் கருக்கவே இல்லை.

"கஷ்டமாத்தான் இருந்துச்சுமா," என்றேன். அவ்வளவு நாள் கழித்து அது தானாகவே வந்தது. "உன் ஸ்கூல் யூனிஃபார்ம் சின்னதாயிருச்சின்னு அப்பா சொன்னாரு. நீ எவ்ளோ வளந்திருப்பன்னு எனக்குத் தெரியல. அந்த ரூம் செவத்துல கையால அளந்து அளந்து பாத்தேன். பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவேன், மல்லிகாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அவளும் அதையேதான் பண்ணுவா. ரெண்டு பேரும் வெளிய வந்து, ஏண்டி இவ்ளோ நேரம் குளிக்கிறன்னு கேட்டுக்குவோம்."

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். அப்புறம் இரண்டு பேரும் நன்றாக அழுதோம். கார் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கார மலாய்ப் பெண்மணி எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது, வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏதாச்சும் பிரச்சினையா? ஒடம்பு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டார். எங்கள் பதிலுக்குக் காத்திராமல் ஒரு பெட்டி டிஷ்யூவையும், பையில் போட்ட அன்னாசித் துண்டுகளையும் உள்ளே நீட்டினார். உப்பும் மிளகாய்த் தூளும் தனியாகக் கட்டியிருந்தது.

பார்த்தாயா, இந்த ஊரில் யார் சும்மா விடுகிறார்கள், இதைத்தானே சொன்னேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அன்னாசியைத் தின்றேன். வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட மிகச் சில வசனங்களில் அது ஒன்று.

பார்சல்

கடைசித் துண்டையும் படித்து முடித்தேன். முடிவும் பிடிக்கவில்லை. இரண்டாவது துண்டைத் திரும்ப வாங்கி அந்தப் பிள்ளை வருகிற பக்கங்களை மட்டும் மறுபடி படித்தேன். அந்த நாலைந்து பக்கம் பிடித்தது. மற்றதெல்லாம் எனக்கு இன்றுவரை ஏமாற்றம்தான். பரிசு கொடுத்தவர்கள் மன்னிக்கட்டும்.

ஆனால் அந்த எழுத்தாளருக்கு நான் கடன்பட்டவள். எந்தக் குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதினாரோ, ஜோகூரில் ஒரு கடலோரத்தில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை அவர் கணக்கிலேயே இருந்திருக்க மாட்டாள். அவளுக்குத் துணை தேவைப்பட்டபோது என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அவருடைய புத்தகம் இருந்தது. அதற்காக அவருக்கு நன்றி. வெட்டிய மல்லிகாவுக்கும் நன்றி. அவள் வெட்டியிராவிட்டால் பொந்தியானுக்குப் போயிருக்க மாட்டோம், நானும் "ஆழமா இருக்கு" என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

தர்ஷினி திரும்பிப் போன பிறகு போன் பேச்சு முன்னைவிட நீளமாகத்தான் இருந்தது. பரீட்சை, விடுதிச் சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை. ஆனால் புத்தகப் பேச்சு மட்டும் வரவேயில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. அவளுக்கு உயிரான ஒன்றை முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டோமே, இனி இவள் என்னிடம் எதைக் கொண்டுவந்து வைப்பாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அழுது சமாதானமானது வேறு, மறுபடி நம்பி ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பது வேறு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது சமையலறை மேசையில் ஒரு பார்சல் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிரிக்காமல் அதற்கு எதிரே உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். பிரித்தேன். இன்னொரு நாவல். முன்னதைவிடக் கனம், அட்டையில் முன்னதைவிட அதிகப் பாராட்டு.

போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"இதுவும் உங்களுக்குப் புடிக்காதுன்னு நெனக்கிறேன்மா. சீக்கிரம் படிச்சிட்டுக் கூப்பிடுங்க."